விசுவஜித் வேள்வியும் ஒன்றரை கிரவுண்டும்

விசுவஜித் என்றொரு வேள்வி. அதைச் செய்பவர் தன்னுடையது என்று இருப்பதையெல்லாம் தட்சிணையாகக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. விதியைக் கேட்டதும், வேத விதிகளுக்குப் பொருள் காணும் மீமாம்சகர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவர்களுக்குத் தொழிலே அதுதான். தன்னுடையது என்றால் எதெல்லாம்? 'என் அப்பா', 'என் அம்மா' என்று சொல்கிறோமே, அவர்களையும் தூக்கிக் கொடுத்துவிடலாமா? முடியாது. உறவு வேறு, உடைமை வேறு. சரி, வேள்வி செய்பவர் ஓர் அரசர் என்று வைத்துக்கொள்வோம். அவர் தன் பூமியைத் தானம் செய்யலாமா?

ஜைமினியின் மீமாம்ச சூத்திரம் ஆறாம் அத்தியாயத்தில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, கூடாது என்று முடிக்கிறது. பூமி எல்லோருக்கும் ஒன்றுபோல் பொதுவானது. பொதுவானதை ஒருவர் கொடுத்துவிட முடியாது. பின்னால் வந்த உரைகாரர் சபரர் இன்னும் நறுக்காகப் பிரிக்கிறார். வயல்களுக்கு உடையவர்களாக மனிதர்கள் இருப்பதைக் கண்ணால் பார்க்கிறோம். பூமி முழுமைக்கும் உடையவராக ஒருவரையும் பார்க்கவில்லை. அரசருக்கு இருப்பது, காவல் காத்து, விளைச்சலில் ஒரு பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை மட்டும்.

வயலுக்கு உடைமையாளர் உண்டு, பூமிக்கு இல்லை. கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் வயல் எங்கே முடிகிறது, பூமி எங்கே தொடங்குகிறது? சென்னை எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் இருக்கும் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கவுன்ட்டர்களில் நாள்தோறும் நடக்கும் வாக்குவாதம் கிட்டத்தட்ட இதுதான். சமஸ்கிருதம் மட்டும் இல்லை.

வேளச்சேரிக்குத் தெற்கே ஒருவர் ஒன்றரை கிரவுண்டு மனை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 3,600 சதுர அடி. கெட்டிக்கார வாங்குநர். மூலப் பத்திரம் பார்த்தாயிற்று, 30 வருட வில்லங்கச் சான்று போட்டாயிற்று, பட்டா பெயர் சரி, எஃப்.எம்.பி. என்ற புல அளவை வரைபடத்தில் அளவு சரி. வக்கீலும் தலையாட்டிவிட்டார். இந்தக் காகிதங்கள் எல்லாம் சேர்ந்து சொல்வது ஒரே செய்தி: இடம் யாருடையது. அந்த இடம் எதற்கானது என்று அவற்றில் எதுவும் சொல்லாது. அதைச் சொல்வது வேறொரு காகிதம், 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டம். அப்போதைய 1,189 சதுர கிலோமீட்டர் சென்னைப் பெருநகரப் பகுதியை அது சர்வே எண் வாரியாக வகைப்படுத்தி நிறம் தீட்டியிருக்கிறது. முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, வேளாண்மை, நகரமயமாகாத பகுதி என்று போகும் அந்த வரிசை. குழுமத்தின் இணையதளத்தில் கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் கொடுத்தால் எந்த நிறம் என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் பார்ப்பவர் குறைவு. 'இப்போதைக்கு அக்ரிகல்ச்சர் சார், சீக்கிரமே ரெசிடென்ஷியல் ஆயிடும்' என்ற தரகரின் வாக்குதான் பல குடும்பங்களுக்கு நிலப் பயன்பாடு பற்றிக் கிடைக்கும் முதல் பாடம்.

நிறம் சரியாக இருந்தாலும் கதை முடியவில்லை. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, உயரமான கட்டடம் என்ற வகைக்குள் வராத சாதாரணக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது 3,600 சதுர அடி மனையில் எல்லாத் தளமும் சேர்த்து 7,200 சதுர அடி. முன்னாலும் பின்னாலும் பக்கவாட்டிலும் விதித்த அளவு இடம் விட வேண்டும். 18.30 மீட்டரைத் தாண்டினால் உயரமான கட்டடத்துக்கான விதிகள் வந்துவிடும். சிறு வீட்டுக்காரருக்கு ஒரு சலுகை உண்டு. 2,500 சதுர அடி வரையிலான மனையில் தரைத்தளமும் முதல் தளமுமாக 3,500 சதுர அடிக்குள் கட்டினால், 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் உடனடி அனுமதி. ஒன்றரை கிரவுண்டுக்காரருக்கு அது இல்லை.

'காசு கொடுத்து வாங்கிய என் இடத்தில் நான் கட்டுவதைத் தடுக்க இவர்கள் யார்?' இந்தக் கேள்வியைப் பேராசைக்காரர்களின் புலம்பல் என்று ஒதுக்கிவிடுவது நகர்த் திட்டமிடலை ஆதரிப்பவர்களின் கெட்ட வழக்கம். கேள்வி கனமானது. பதிலும் கனமாக இருக்க வேண்டும்.

மேற்கத்திய மரபில் இதற்குப் பெரிய பக்கபலம் ஜான் லாக். 1689-இல் வெளிவந்த அரசு பற்றிய அவருடைய நூலில், பொதுவாகக் கிடக்கும் நிலத்தில் ஒருவர் தன் உழைப்பைக் கலக்கும்போது அது அவருடையதாகிறது என்றார். ஆனால் அதே இடத்தில் ஒரு நிபந்தனையும் வைத்தார்: மற்றவர்களுக்கும் போதுமான அளவு, அதே தரத்தில் மிச்சம் இருக்க வேண்டும். லாக்கைத் துணைக்கு அழைப்பவர்கள் முதல் பாதியை உரக்கச் சொல்லிவிட்டு இரண்டாம் பாதியில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். விவிலியத்தின் லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரம் இன்னும் கறார். நிலம் கடவுளுடையது, மனிதர்கள் அவரிடம் தங்கியிருக்கும் பரதேசிகள், ஆகவே நிலத்தை நிரந்தரமாக விற்கக் கூடாது, 50-ஆம் ஆண்டில் அது பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும்.

ஆங்கிலேயச் சட்ட மரபோ நேர் எதிர்த்திசையில் போய், மண்ணுக்கு உடையவர் மேலே வானம் வரைக்கும் கீழே பாதாளம் வரைக்கும் உடையவர் என்ற சூத்திரத்தை வெகுகாலம் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த வானம் இடிந்து விழுந்தது ஒரு கோழிப் பண்ணையின்மேல். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு சிறிய விமான நிலையத்தை ராணுவம் எடுத்துக்கொண்டது. குண்டுவீச்சு விமானங்கள் காஸ்பி என்பவரின் 2.8 ஏக்கர் பண்ணைக்கு மேல் 83 அடி உயரத்தில் பறந்தன. மிரண்ட கோழிகள் சுவரில் மோதிச் செத்தன. ஏறத்தாழ 150 கோழிகள் போய், பண்ணைத் தொழிலும் போனது. 1946-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. வானம் வரைக்கும் சொந்தம் என்ற பழைய சூத்திரத்துக்கு விமான யுகத்தில் இடமில்லை, வானம் பொதுவழி. ஆனால் நிலத்தை அனுபவிக்கவே முடியாத அளவுக்குத் தாழப் பறந்தால், அது நிலத்தைப் பறித்ததற்குச் சமம், இழப்பீடு கொடு. சபரர் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார். கோழி மேயும் உயரம் வயல், அதற்கு மேலே பூமி. மீனம்பாக்கத்தைச் சுற்றி மாடி எழுப்புகிறவர்கள் விமான நிலைய ஆணையத்திடம் உயரத்துக்குத் தடையில்லாச் சான்று வாங்குவதும் இந்தக் கணக்கில்தான்.

மேலே வானம் அப்படியென்றால், கீழே?

இந்திய வசதியுரிமைச் சட்டம், 1882. தன் நிலத்தின் அடியில், குறிப்பிட்ட வாய்க்காலாக ஓடாத நீர் எவ்வளவு இருந்தாலும் அதைத் தன் எல்லைக்குள் சேகரித்துப் பயன்படுத்தும் உரிமை நில உடைமையாளருக்கு உண்டு என்று அதன் 7-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டுகளில் ஒன்று சொல்கிறது. நீர் யாருடைய காம்பவுண்டுச் சுவரையும் மதிப்பதில்லை என்பதைச் சென்னை அனுபவத்தில் கற்றது. ஒரு வீட்டுக்காரர் 300 அடி போர் போட்டால் பக்கத்து வீட்டுக் கிணறு வற்றும். 1987-இல் சென்னைப் பெருநகருக்குத் தனி நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. 2003-இல் தமிழகம் முழுவதும் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அன்று முணுமுணுக்காத வீட்டுக்காரர் இல்லை. என் மொட்டை மாடியில் விழும் மழையை எங்கே விடுவது என்று அரசு எப்படிச் சொல்லலாம்? ஆனால் அந்த மழை மாடியிலிருந்து இறங்கியதும் தெருவுக்கும் அடுத்த வீட்டுக்கும் நிலத்தடிக்கும் சொந்தமாகிவிடுகிறது. கட்டாயப்படுத்திய விதிகளிலேயே ஆகப் பெரிய நியாயம் கொண்டது இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆக, எந்த மனையும் இரண்டு பொருள்கள் ஒன்றாகக் கிடக்கும் இடம். ஒன்று வயல்: சமைப்பதற்கும் படுப்பதற்கும் கடை போடுவதற்கும் வாடகைக்கு விடுவதற்கும் உரிய, பத்திரத்தில் எழுதக்கூடிய பகுதி. மற்றொன்று பூமி: நீரோட்டம், காற்று, பக்கத்து வீட்டு வெளிச்சம், தீயணைப்பு வண்டி நுழையும் வழி, சாக்கடையின் கொள்ளளவு. நிலப் பயன்பாட்டு விதிகளுக்கு நியாயம் இருக்குமானால் அது இந்த இரண்டாவது பகுதியிலிருந்துதான் வர முடியும். பக்கவாட்டில் இடம் விடு என்பது மேற்கிலிருந்து வந்த புதுமை ஒன்றும் இல்லை. அர்த்தசாஸ்திரத்தின் மூன்றாம் அதிகரணத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி, கழிவுநீர் போகும் வழி, அண்டை வீட்டாரைத் துன்புறுத்தும் சன்னலுக்கு அபராதம் என்று நவீன நகராட்சிப் பொறியாளர் பொறாமைப்படும் அளவுக்கு விதிகள் இருக்கின்றன.

பள்ளிக்கரணை இந்த விவாதத்தின் உச்சம். தென்சென்னையின் ஏராளமான ஏரிகளின் உபரிநீர் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக வடிந்து கடலை நோக்கிப் போகும் சதுப்பு நிலம் அது. அதன் ஒரு மூலையில் மாநகராட்சியின் பெருங்குடி குப்பைமேடு; விளிம்புகளில் அரசு ஆய்வு நிறுவனங்கள், பறக்கும் ரயில் பாதை, ஐ.டி. கட்டடங்கள், அடுக்குமாடிகள். பூமியை வயலாக அளந்து விற்றதில் தனியாருக்கு அரசு சளைத்ததில்லை. 2015 டிசம்பரில் வேளச்சேரியில் தரைத்தளங்கள் மூழ்கியபோது, நீர் தன் பழைய முகவரியைத் தேடி வந்தது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். 2022-இல் எஞ்சிய 1,247 ஹெக்டேர், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, எல்லைகளும் பாதிப்பு மண்டலமும் அறிவியல் முறையில் வரையறுக்கப்படும் வரை, சதுப்பு நிலத்திலும் அதன் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் தூரத்துக்கும் கட்டுமான அனுமதி தரக் கூடாது என்று உத்தரவிட்டது. சதுப்பு நிலத்துக்கு இது நல்ல செய்தி. அந்த ஒரு கிலோமீட்டருக்குள் வங்கிக் கடன் வாங்கி, குடியிருப்பு நிறத்தில் இருந்த மனையை வாங்கிப்போட்டு, மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் சிறு குடும்பத்துக்கு? அந்தக் கேள்விக்குப் பிறகு வரலாம்.

அதற்கு முன் பூமி என்ற பெயரில் நடந்த அக்கிரமங்களையும் பார்த்துவிட வேண்டும். இந்தக் கொள்கை புனிதமாகத் தோன்றுவதுதான் இதில் உள்ள ஆபத்து.

1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்களின் நிலக் கணக்கு விரிவாக இருக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் மொத்தப் பரப்பிலிருந்து வரி விதிக்காத இடங்களைக் கழிக்கிறார்கள்: குடியிருப்பு நத்தம், கோயில்கள், குளங்கள், வாய்க்கால்கள், சுடுகாடு. அந்தப் பட்டியலிலேயே கம்மாளர்களுக்குத் தனிச் சேரி, பறையர்களுக்குத் தனிச் சேரி; சுடுகாடுகூடத் தனித்தனி. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய நிலப் பயன்பாட்டு வரைபடம் இது; அளவு சுத்தம், நிர்வாகம் சுத்தம். எந்த நிலம் எதற்கு என்று எழுதும் பேனா, எந்த மனிதர் எங்கே என்றும் சேர்த்தே எழுதிவிட்டது. வாஸ்து நூல்கள் திசைக்கொரு வருணத்தை ஒதுக்கியதும் இதே வேலைதான்.

சாதி இல்லாத ஊரிலும் இது நடந்தது. அமெரிக்காவில் நில வகைப்பாட்டின் ஆதி வழக்கு ஒஹையோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற சிற்றூரிலிருந்து வந்தது. ஆம்ப்ளர் என்ற நில நிறுவனத்துக்கு அங்கே 68 ஏக்கர் இருந்தது. தொழிற்சாலைக்கு விற்றால் ஏக்கருக்கு 10,000 டாலர், குடியிருப்பு என்று நிறம் தீட்டியதால் 2,500 டாலர்தான் என்று நிறுவனம் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்ற நீதிபதி வெஸ்டன்ஹேவர், இந்த விதி உண்மையில் மக்களை வருமானப்படி பிரித்துக் குடிவைக்கிறது என்று எழுதி அதை ரத்து செய்தார். 1926-இல் உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கம் நின்றது. தீர்ப்பை எழுதிய சதர்லண்ட், தனி வீடுகள் உள்ள பகுதியில் எழும் அடுக்குமாடியை ஒட்டுண்ணியோடு ஒப்பிட்டார். அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவர்கள் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கு ஒன்பது ஆண்டு முன்பு, 1917-இல், கறுப்பினத்தவர் எந்தத் தெருவில் வீடு வாங்கலாம் என்று விதித்த லூயிவில் நகரச் சட்டத்தை அதே நீதிமன்றம் தூக்கி எறிந்திருந்தது. இனம் என்று வெளிப்படையாக எழுதினால் செல்லாது. மனையின் குறைந்தபட்ச அளவு, தனி வீடு மட்டும் என்று நாசூக்காக எழுதினால் செல்லும். பல அமெரிக்க நகரங்கள் இந்தப் பாடத்தை நன்றாகப் படித்துக்கொண்டன.

வயலா பூமியா என்ற அளவுகோலுக்கு மதுரை விதி ஒரு சோதனை. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டர் வட்டத்துக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழக் கூடாது. கோபுரத்தை மறைக்காமல் இருப்பது நீரோட்டம்போல் எல்லோருக்கும் பொதுவான பூமியா, அல்லது ஒரு சாராரின் பக்திக்காக மாசி வீதிக் கடைக்காரர் கொடுக்கும் விலையா? கோயிலுக்குப் போகாத மதுரைக்காரருக்கும் அந்த வானவிளிம்பு ஊரின் அடையாளம்தான் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. அந்த வட்டத்துக்குள் விதியை மீறி எழுந்த கட்டடங்களின் எண்ணிக்கை உயர் நீதிமன்றம்வரை போனது என்பதிலும் உண்மை இருக்கிறது.

நிறம், உயரம், இடைவெளி எல்லாம் 'இதைச் செய்யாதே' என்ற வகை. 'இதைக் கொடு' என்ற வகையும் ஒன்று உண்டு. தமிழக விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனைப்பிரிவோ பெரிய கட்டடமோ போட்டால், அதில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் இலவசமாக ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலமாகவோ வழிகாட்டி மதிப்பில் பணமாகவோ கொடுக்கலாம். கட்டாயமாக எழுதி வாங்கும் தானம் தானமாகுமா? இதைச் சட்டக் கல்லூரி நகைச்சுவை என்று நினைக்க வேண்டாம். சென்னை அடுக்குமாடி உரிமையாளர் சங்கம் ஒன்று உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோன வாதம். 1995-இல் டெல்லி மாநகராட்சி வழக்கில் அதே நீதிமன்றம் வேறு தொனியில் பேசியிருந்தது. பூங்காவுக்கென்று வரைபடத்தில் ஒதுக்கிய நிலத்தை உடைமையாளர் பொதுமக்களுக்காகக் காக்கும் தர்மகர்த்தாபோல் வைத்திருக்கிறார். ஆனால் சட்ட அதிகாரம் இல்லாமல் வெறும் தீர்மானத்தை வைத்து மாநகராட்சி அதை இலவசமாக எழுதி வாங்க முடியாது என்றது. 2023 பிப்ரவரியில் சென்னை வழக்கில், இங்கே விதிக்குச் சட்டத்தின் ஆதரவு இருக்கிறது, 10 சதவீதம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

வினோபா பாவே 1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் தலித் குடும்பங்கள் கேட்ட 80 ஏக்கருக்காகக் கூட்டத்தைப் பார்த்துக் கேட்க, ராமச்சந்திர ரெட்டி எழுந்து 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். பூதான இயக்கம் அப்படித்தான் பிறந்தது. அந்தக் கொடையின் அழகு, அவர் கொடுக்காமலும் இருந்திருக்கலாம் என்பதில்தான். 10 சதவீத விதிக்கு அந்த அழகு இல்லை, தேவையும் இல்லை. வள்ளுவர் ஒப்புரவறிதலை 22-ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23-ஆம் அதிகாரமாகவும் தனித்தனியே வைத்தார். முன்னது ஊரோடு ஒத்து வாழ்பவரின் கடமை, பின்னது இல்லாதவருக்கு இரங்கிக் கொடுப்பது. நூறு வீடு கட்டி விற்கும் ஒருவர் அந்த நூறு வீட்டுப் பிள்ளைகள் ஓடுவதற்கு இடம் விடுவது ஈகைக் கணக்கில் வராது. அந்தப் பூங்காவைப் பூட்டிவைத்து வாகன நிறுத்தமாக்கும் உள்ளாட்சிதான் அங்கே வாக்குத் தவறுகிறது.

இங்கேதான் ஜைமினியின் கேள்வி அரசைப் பார்த்துத் திரும்புகிறது. பூமி அரசருடையதும் அல்ல. அப்படியென்றால் பூமிக்காகப் போட்ட விதியிலிருந்து விலக்குக் கொடுக்கும் உரிமை அவருக்கு எங்கிருந்து வந்தது?

1971-இன் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஆம் பிரிவு அரசுக்கு விலக்களிக்கும் அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரத்தில் விதி மீறிய கட்டடங்களுக்கு அளித்த 62 அரசாணைகள் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தன. இடைப்பட்ட காலத்தில், 1998-இல், மீறல்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்த 113-ஏ பிரிவும் சேர்ந்துவிட்டது. 2000-இல் வந்த தீர்ப்பு, காரணமே சொல்லாமல் அளித்த விலக்குகளைக் கடுமையாகச் சாடியது. 113-ஏ-யை ஒரே ஒருமுறைக்கான ஏற்பாடு என்ற அளவில் மட்டும் அனுமதித்தது. ஒரே ஒருமுறை என்ற சொல்லுக்குத் தமிழக அரசியல் அகராதியில் வேறு பொருள் போலும். காலக்கெடு நீண்டது, உயர் நீதிமன்றம் நீட்டிப்பை அடித்தது, அவசரச் சட்டங்கள் வந்தன, 2012-இல் 113-சி வந்தது. 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவர்களுக்கு மறுபடி ஒரு வாய்ப்பு. தியாகராய நகரின் துணிக்கடைத் தெருக்களில் நடந்து பார்த்தவருக்கு இந்தச் சட்டப் பிரிவுகளை விளக்க வேண்டியதில்லை. மாம்பலத்தின் நெடிய ஏரியை வடித்து 1920-களில் குடியிருப்பாகத் திட்டமிட்ட நகர் அது. பனகல் பூங்காவிலிருந்து தெருக்கள் விரியும் அந்த வரைபடம் இன்றும் பார்க்க அழகு.

விலக்கைவிட நுட்பமானது விற்பனை. சாலையின் அகலத்தைப் பொறுத்து, அனுமதித்த தளப்பரப்புக்கு மேல் 50 சதவீதம் வரை கூடுதலாகக் கட்டும் உரிமையைக் கட்டணம் செலுத்தி வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பணம் குடிநீருக்கும் சாக்கடைக்கும் சாலைக்கும் போனால் பரவாயில்லை. கூடுதல் குடித்தனங்களின் பாரத்தைத் தாங்க அதுதான் செலவு. ஆனால் அடிப்படையில் ஒரு குழப்பம் இருக்கிறது. கூடுதல் மாடியைத் தெரு தாங்காது என்றால் எவ்வளவு கட்டணம் கட்டினாலும் தாங்காது. தாங்கும் என்றால் முதலில் தடுத்ததற்கு என்ன காரணம்? தனக்குச் சொந்தமில்லாத பூமியை அரசர் சதுர அடி கணக்கில் விற்கத் தொடங்கும்போது, விதியைக் கேலி செய்யும் வீட்டுக்காரரைக் குறை சொல்ல முடிவதில்லை. பெங்களூரில் பூங்காவுக்கென்று விட்ட இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது அக்கம்பக்கத்து மக்கள் வழக்குப் போட்டார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்தது. திறந்தவெளி, அங்கு வாழும் மக்களுடையது. ஆட்சியாளர் விருப்பப்படி தூக்கிக் கொடுப்பதற்கல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மீமாம்சகர்களின் பெயர் அதில் வரவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

இனி, அந்த ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருவோம்.

நில உடைமை 1978-இன் 44-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தோடு அடிப்படை உரிமை என்ற பட்டியலிலிருந்து இறங்கி, 300-ஏ பிரிவில் சட்ட உரிமையாக நின்றுவிட்டது. ஆனாலும் வெற்றுக் காகிதமாகிவிடவில்லை. தனியாரிடம் இருக்கும் எல்லாச் சொத்தும் சமூகத்தின் பொருள் வளமாகிவிடாது என்று 2024 நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகச் சொன்னது. அமெரிக்க நீதிபதி ஹோம்ஸ் 1922-இல் வேறு விதமாகச் சொன்னார்: கட்டுப்பாடு எல்லை மீறிப் போனால் அது பறிமுதல். எல்லை எது என்று அவர் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வந்த நீதிபதிகளும் இன்றுவரை திணறுகிறார்கள். நம் 1971 சட்டத்தின் 38-ஆம் பிரிவு இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. பூங்கா, பள்ளி, சாலை என்று தனியார் நிலத்தை ஒதுக்கிவிட்டு அரசு மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்தவில்லையென்றால், நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகக் கருத வேண்டும். பொதுநலன் என்று சொல்லி ஒருவரின் வயலை முடக்கிவைத்து, விலையும் கொடுக்காமல் பல்லாண்டு இழுத்தடிக்கும் அரசிடமிருந்து காப்பதற்கு இது.

பள்ளிக்கரணைக்கு அந்தப் பிரிவு உதவாது. அங்கே அரசு எதையும் வாங்கப் போவதில்லை. கட்டாதே என்று மட்டும் சொல்கிறது. சதுப்பு நிலத்தின் உள்ளேயே மனை விற்றவரும் வாங்கியவரும் வேறு கதை. அது தொடக்கம் முதலே பூமி. ஆனால் எல்லைக்கு வெளியே, குழுமமே குடியிருப்பு என்று நிறம் தீட்டிய சர்வே எண்ணில், அனுமதி பெற்ற மனைப்பிரிவில் வாங்கியவர்? 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியில்லா மனைகளின் பத்திரப் பதிவைத் தடுத்தபோது, பஞ்சாயத்து அப்ரூவல் என்று நம்பி வாங்கிய லட்சக்கணக்கானோர் தவித்தார்கள். அடுத்த ஆண்டே வரன்முறைத் திட்டம் வந்தது. அப்போது அரசு சொன்ன அறிவுரை, அனுமதி பார்த்து வாங்குங்கள் என்பது. அந்த அறிவுரையைக் கேட்டு நடந்தவரிடம்தான் இப்போது, உங்கள் அனுமதியும் போதாது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சதுப்பு நிலத்தைக் காப்பது சரி. காப்பதற்கான செலவு முழுவதையும் விளிம்பில் இருக்கும் சில ஆயிரம் பேர் தலையில் கட்டுவது சரியல்ல. மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை என்ற ஏற்பாடு ஏற்கெனவே விதிகளில் இருக்கிறது. சாலைக்கும் மெட்ரோவுக்கும் நிலம் கொடுப்பவருக்கு, வேறோர் இடத்தில் அதிகம் கட்டவோ மற்றவருக்கு விற்கவோ கூடிய உரிமையைச் சான்றிதழாகத் தருகிறார்கள். அதைச் சதுப்பு நிலத்தின் விளிம்புக்கும் நீட்டுவதற்குச் சட்ட மேதைமை வேண்டியதில்லை. அரசு மனம் வைத்தால் போதும்.

2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது முழுமைத் திட்டத்தைக் குழுமம் தயாரித்து வருகிறது. வரைவு வெளியானால் பொதுமக்கள் ஆட்சேபம் சொல்லச் சட்டம் குறைந்தது இரண்டு மாதம் தருகிறது. ஒன்றரை கிரவுண்டுக்காரர் தன் சர்வே எண்ணுக்கு என்ன நிறம் என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல், மேற்கே இருக்கும் ஏரிக்கும் கிழக்கே இருக்கும் கால்வாய்க்கும் என்ன நிறம் தீட்டியிருக்கிறார்கள், தெரு முனைத் திறந்தவெளி திறந்தவெளியாகவே இருக்கிறதா என்று பார்த்து எழுத்தில் கொடுக்க அந்த இரண்டு மாதம் தாராளம்.